ஒரு கம்பியில் பல குரல்கள்



கணிப்பொறியைப் பற்றிப் பேசுவோர் அதன் திரையைப் பற்றியும், அது மின்னல் வேகத்தில் போடும் கணக்குகளைப் பற்றியுமே பெரும்பாலும் பேசுகின்றனர். அதன் முதுகுப்புறத்தில் செருகியிருக்கும் கம்பியைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும் அந்தக் கம்பிக்கும் ஒரு வரலாறு உண்டு. பாதை ஒன்று, செல்ல விரும்புவோர் பலர் என்றால் முதலில் செல்ல வேண்டியவர் யார் என்னும் பழைய கேள்வியிலிருந்து அது தொடங்குகிறது.

இக்கேள்விக்கு நம் இரயில்வே நெடுங்காலம் அளித்து வந்த விடை ஒன்று உண்டு. ஒற்றைத் தண்டவாளப் பாதைகளில் முன்பெல்லாம் நிலைய அதிகாரி ஒரு பெரிய வளையத்தில் டோக்கனை வைத்து ஓட்டுநரிடம் கொடுப்பார். அந்த டோக்கன் எவர் கையில் உள்ளதோ, அவருக்கே அடுத்த நிலையம் வரை பாதை உரியது. ஒழுங்கான முறைதான், ஆனால் டோக்கன் கைக்கு வரும் வரை வண்டி காத்து நிற்க வேண்டும். தொடக்க காலக் கணிப்பொறிகளிலும் இத்தகைய அதிகாரமே நிலவிற்று. நடுவில் ஒரு பெரிய இயந்திரம் இருக்கும். அது சுற்றிலும் உள்ள முனையங்களை ஒவ்வொன்றாக, “உனக்கு ஏதேனும் சொல்ல வேண்டுமா?” என்று வினவும், அழைக்கப்பட்ட முனையம் மட்டும் விடை கூறும். வகுப்பில் ஆசிரியர் பெயர் சொல்லி அழைக்க, மாணவன் எழுந்து பேசுவது போன்றது அது.

இந்த முறையை உதறித் தள்ளிய துணிவு ஹவாய்த் தீவுகளில் பிறந்தது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறி ஓவாஹூத் தீவில் இருந்தது. அதைப் பயன்படுத்த விரும்பியவர்களோ பல தீவுகளில் சிதறிக் கிடந்தனர். தொலைபேசிக் கம்பி வாயிலாக அவர்களை இணைப்பது செலவு மிகுந்த காரியம். பேராசிரியர் நார்மன் ஏப்ரம்சனும் அவருடைய குழுவினரும் ரேடியோ அலைகளைக் கொண்டு ‘அலோகா’ என்னும் வலைப்பின்னலை அமைத்தனர். 1971 ஜூன் மாதத்தில் அது இயங்கத் தொடங்கியது. அதன் விதி வியப்பூட்டும் அளவுக்கு எளியது. எவருக்குச் செய்தி இருக்கிறதோ அவர் அனுப்பிவிடலாம், அனுமதி வேண்டியதில்லை. செய்தி வந்து சேர்ந்தது என்று மைய நிலையம் விடை அனுப்பும். விடை வாராவிடில், வேறொருவரும் அதே நேரத்தில் பேசியதால் இரு செய்திகளும் மோதிச் சிதைந்தன என்று கருதி, ஏதோ ஒரு கால அளவு காத்திருந்து மீண்டும் அனுப்ப வேண்டும். எவ்வளவு காலம்? அதைக் குருட்டாம்போக்கில் முடிவு செய்ய வேண்டும். இருவரும் ஒரே அளவு காத்திருந்தால் மீண்டும் மோதுவார்கள் அன்றோ!

இம்முறையின் குறையும் கணக்கிட்டு அறியப்பட்டது. அனைவரும் இவ்வாறு நினைத்தபோது பேசினால், பாதையின் கொள்ளளவில் சுமார் 18 விழுக்காட்டுக்கு மேல் பயன் கிட்டாது. மீதி நேரம் மோதல்களிலும் மௌனத்திலும் கழிந்துவிடும்.

இந்தக் குறையைக் களைய வழி கண்டவர் ராபர்ட் மெட்காஃப். கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ நகரில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அவர் அங்கு வேலைக்குச் சேர்ந்த 1972ஆம் ஆண்டில், அவருடைய டாக்டர் பட்ட ஆய்வேட்டை ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஏற்க மறுத்துவிட்டது. ஏப்ரம்சனின் கட்டுரையைப் படித்த அவர், அலோகா முறையைக் கணித வழியில் ஆராய்ந்து ஆய்வேட்டில் சேர்த்தார். 1973இல் பட்டமும் பெற்றார். ஆய்வேடு திரும்பி வராதிருந்தால் அலோகாவை அவர் அத்துணை ஆழமாகப் பயின்றிருப்பாரா என்பது ஐயமே.

ஜெராக்ஸ் நிலையத்தில் அப்போது ஒவ்வொருவர் மேசைக்கும் ‘ஆல்டோ’ என்னும் சிறு கணிப்பொறி வந்துகொண்டிருந்தது. கூடவே நொடிக்கு ஒரு பக்கம் அச்சிடும் லேசர் அச்சுப்பொறியும் உருவாயிற்று. அங்குலத்துக்கு 500 புள்ளிகள் என்று வைத்தால், ஒரு பக்கத்துக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் தேவை. அலோகாவின் வேகம் நொடிக்கு 9,600 பிட். அதாவது நொடிக்கு அத்தனை பூஜ்யங்களும் ஒன்றுகளும். அந்த வேகத்தில் ஒரு பக்கத்தை அனுப்ப அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கட்டடம் முழுதுக்கும் பொதுவான, மிக விரைவான ஒரு கம்பிப் பாதை வேண்டும் என்பது தெளிவாயிற்று. 1973 மே 22ஆம் நாள் மெட்காஃப் ஒரு குறிப்பு எழுதித் தம் திட்டத்தை விளக்கினார். டேவிட் பாக்ஸ் என்பவர் அவருக்குத் துணை நின்றார். பாக்ஸ் இளமை முதலே அமெச்சூர் ரேடியோவில் கை தேர்ந்தவர். காகிதத்தில் இருந்ததைப் பற்றவைத்து இயங்கச் செய்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 2023இல் அறிவிக்கப்பட்ட டூரிங் பரிசு மெட்காஃப் ஒருவருக்கே கிடைத்தது. பாக்ஸ் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

இந்த அமைப்புக்கு ‘ஈதர்நெட்’ என்று பெயரிட்டனர். ஒளி பரவுவதற்கு ஈதர் என்னும் ஊடகம் அண்டம் முழுதும் நிறைந்திருப்பதாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் நம்பினார்கள். 1887இல் மைக்கேல்சனும் மார்லியும் செய்த சோதனையில் அதன் சுவடே தென்படவில்லை. இல்லாத பொருளின் பெயர், எங்கும் உள்ள கம்பிக்கு வந்து வாய்த்தது. நம் முன்னோர் ஐம்பூதங்களுள் ஆகாயத்துக்கு ஒலியைக் குணமாகக் கூறியதும் இவ்விடத்தில் என் நினைவுக்கு வருகிறது. ஆனால் அதையும் இதையும் ஒன்றென்று முடிச்சுப் போட நான் விரும்பவில்லை.

மெட்காஃப் புகுத்திய விதியைத் திண்ணைப் பேச்சுக்கு ஒப்பிடலாம். திண்ணையில் நால்வர் அமர்ந்து பேசும்போது தலைவர் என்று எவரும் இல்லை. ஒருவர் பேசினால் மற்றவர் கேட்கிறார். அவர் நிறுத்தியதும் இன்னொருவர் தொடங்குகிறார். இருவர் ஒரே கணத்தில் வாயைத் திறந்துவிட்டால் இருவரும் நிறுத்திக்கொள்கிறார்கள். ஈதர்நெட் கணிப்பொறியும் அவ்வாறே, கம்பி மௌனமாக உள்ளதா என்று முதலில் கேட்கும். பேசத் தொடங்கிய பின்பும் செவியை மூடிக்கொள்வதில்லை. கம்பியின் மின்னழுத்தம் மாறுபட்டால் மோதல் என்று அறிந்து உடனே நிறுத்திவிடும். மீண்டும் மீண்டும் மோதினால், காத்திருக்கும் காலத்தின் எல்லையை இரண்டு, நான்கு, எட்டு என்று பெருக்கிக்கொண்டே போகும். கூட்டம் மிகுந்தால் ஒவ்வொருவரும் தாமாகவே பொறுமையைக் கூட்டிக்கொள்கின்றனர். பதினாறு முறை முயன்றும் இயலாவிடில் கைவிட வேண்டும் என்பது விதி.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மோதலை அறிவதற்கு, அதன் அடையாளம் திரும்பி வரும் வரையில் நாம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். எனவே பிற்காலத்தில், நொடிக்கு 1 கோடி பிட் வேகத்தில், எந்தச் செய்தியும் 512 பிட்டுக்குக் குறையலாகாது என்று வகுத்தனர். அதை அனுப்ப ஆகும் காலம் 51.2 மைக்ரோ நொடி. அந்த நேரத்துக்குள் மின்குறி கடைக்கோடி வரை சென்று மீள வேண்டும். வலைப்பின்னலின் நீளத்துக்கு எல்லை விதித்தது இந்தக் கணக்கே.

ஆல்டோவின் உட்கடிகாரத்தை ஒட்டி நொடிக்கு 29 லட்சத்து 40 ஆயிரம் பிட் வேகத்தில் தொடங்கிய ஈதர்நெட், 1980இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் கூடி வெளியிட்ட பொது விதிநூலால் 1 கோடி பிட் வேகத்தை எட்டிற்று. 1983இல் மின் பொறியாளர் கழகத்தின் தரமாகவும் ஏற்கப்பட்டது. எதிரணியில் ஐ.பி.எம். நிறுவனம் 1985இல் ‘டோக்கன் ரிங்’ முறையைக் கொண்டுவந்தது. அது நம் இரயில்வே டோக்கனேதான்! மின் வடிவில் ஒரு டோக்கன் வளையமாகச் சுற்றி வரும். அதைப் பிடித்தவரே பேசலாம். அந்த அணியினர் கூறியது வெறும் பிடிவாதம் அன்று. ஈதர்நெட்டில் ஒருவருக்கு எப்போது முறை வரும் என்று உறுதி கூற இயலாது. டோக்கனிலோ உறுதி உண்டு. ஆனால் டோக்கன் தொலைந்தால் புதிது ஆக்க ஒரு மேற்பார்வையாளர் தேவை. கருவிகளின் விலையும் அதிகம். ஈதர்நெட்டின் விதிகளோ எவரும் வாங்கிப் படித்துக் கருவி செய்யத்தக்கவாறு திறந்திருந்தன. பலர் செய்தனர், விலை வீழ்ந்தது. ஒழுங்கில் சிறந்தது தோற்று, எளிதில் கிடைப்பது வென்றது என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் ஈதர்நெட்டின் தொடக்கக் கம்பி எளியதன்று. மஞ்சள் உறையிட்ட, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள கேபிள் அது; 500 மீட்டர் வரை ஓடும். இணைக்க வேண்டிய இடத்தில் கேபிளைத் துளைத்து உட்கம்பியைத் தொட வேண்டும். பின்னர் வந்த மெல்லிய கேபிள் 185 மீட்டர் வரை செல்லும். இரு வகையிலும், இரண்டு முனைகளில் 50 ஓம் தடை ஒன்றை மாட்டியாக வேண்டும். இன்றேல் மின்குறி முனையில் மோதி, மலையடிவாரத்தில் கூவிய குரல்போல் எதிரொலித்துத் திரும்பும். 1990களின் இறுதியில் நான் பணியாற்றிய பள்ளியொன்றில் இந்த மெல்லிய கேபிள்தான் இருந்தது. ஒரு மாணவன் கால் இடறி ஓர் இணைப்புக் கழன்றால் பன்னிரண்டு இயந்திரங்களும் ஊமையாகிவிடும். விற்றவர்கள் ஆள் அனுப்ப வாரக்கணக்காகும். எங்கள் மாணவர்களே வழி கண்டார்கள். கேபிளை நடுவில் பிரித்து இரு பாதிகளிலும் தடையை மாட்டுவார்கள். எந்தப் பாதி பேசவில்லையோ அதை மீண்டும் பாதியாக்குவார்கள். மூன்று நான்கு முறையில் குற்றவாளி அகப்பட்டுவிடும்.

இத்தொல்லையைத் தீர்த்தது புதுக் கண்டுபிடிப்பு அன்று, பழைய தொலைபேசிக் கம்பியே. இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி வைக்கும் உபாயத்துக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஒரு கம்பியில் செல்லும் குறிக்கு நேர் எதிரான குறி மற்றதில் செல்கிறது. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல், முறுக்கின் காரணமாக இரண்டின் மேலும் ஒரே அளவில் விழுகிறது. பெறும் முனையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் இரைச்சல் கழிந்துபோகும். 1990இல் இவ்வகைக் கம்பி ஈதர்நெட்டின் தரமாயிற்று. ஒவ்வொரு கணிப்பொறியிலிருந்தும் தனிக் கம்பி ‘ஹப்’ என்னும் நடுப்பெட்டிக்குச் செல்லும். எல்லை 100 மீட்டர். ஒன்று அறுந்தால் அந்த ஒருவருக்கே நஷ்டம்.

அக்கம்பியின் முனையில் உள்ள கண்ணாடி போன்ற செருகியை மாணவர்கள் ஒருமுறை கூர்ந்து நோக்க வேண்டும். எட்டுக் கம்பிகள் உள்ளன; நான்கு ஜோடிகள். 1, 2 ஒரு ஜோடி, ஆனால் அடுத்த ஜோடி 3, 4 அன்று, 3, 6. நடுவிலுள்ள 4, 5 தொலைபேசிக்கென ஒதுக்கப்பட்ட இடம். புதியவன் அதைத் தொடாமல் இருபுறமும் ஒதுங்கி நின்றான். 1999இல் நொடிக்கு 100 கோடி பிட் வேகம் முறுக்குக் கம்பிக்கு வந்தபோது நான்கு ஜோடிகளும் பணிக்கு அழைக்கப்பட்டன.

1990இல் இன்னொரு மாறுதலும் நேர்ந்தது. நம் செவிக்கு இனிய ‘கல்பனா’ என்னும் பெயர் தாங்கிய ஓர் அமெரிக்க நிறுவனம் ஈதர்நெட் ‘சுவிட்ச்’ ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஹப் கேட்டதை எல்லோரிடமும் சொல்லும். சுவிட்ச், முகவரி பார்த்து உரியவரிடம் மட்டும் சேர்க்கும். ஒவ்வொருவருக்கும் தனிப்பாதை அமைந்து, போவதற்கும் வருவதற்கும் வெவ்வேறு ஜோடிகள் கிட்டியதும், மோதலுக்கே இடமில்லாது போயிற்று. கேட்டுவிட்டுப் பேசு என்ற விதிக்குக் கம்பியில் வேலை இல்லாமலாயிற்று.

ஆனால் விதி மறையவில்லை. 1997இல் கம்பியில்லா வலைப்பின்னலுக்குத் தரம் வகுத்தபோது, பலருக்கும் பொதுவான வான்வெளி மீண்டும் பாதையாயிற்று. இன்று வைஃபை கருவி ஒவ்வொன்றும் முதலில் செவிமடுத்து, மௌனம் கண்ட பின்னரே பேசுகிறது. ஆயினும் தன் குரலே தன் செவியை அடைத்துவிடுவதால், பேசும்போது மோதலை அதனால் உணர இயலாது. ஆகவே செய்தியை அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்தது என்னும் விடைக்காகக் காத்திருக்கிறது, 1971இல் ஹவாய்த் தீவுகளில் காத்திருந்ததுபோல.