பெட்டியடியும் பொதுக் கூரையும்

நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தாரின் ஊர்களில் குடும்பத்தைப் புள்ளி என்ற கணக்கில் எண்ணுவார்கள். மணமான ஆணும் மனைவியும் சேர்ந்தால் ஒரு புள்ளி. ஊர்க்கோயிலுக்குப் புள்ளிவரி கட்டுவதும் இந்தக் கணக்கில்தான். நாச்சியாபுரம் முதலிய செட்டிநாட்டு ஊர்களின் பெரிய வீடுகள் இந்தக் கணக்குக்கு ஏற்பக் கட்டப்பட்டவை. மகனுக்குக் கலியாணம் ஆனதும் ‘வேறு வைப்பார்கள்’. வேறு வைப்பது என்றால் வெளியே அனுப்புவது அல்ல. அதே வீட்டின் வளவில் ஓர் அறை, தனி அடுப்பு, ஆண்டுச் செலவுக்கு அரிசியும் பணமும். அண்ணன் தம்பி மக்கள் எல்லாரும் ஒரே முகப்பு வழியாக நுழைவார்கள். உலை மட்டும் தனித்தனியே கொதிக்கும். வீடு எல்லாருக்கும் பங்குள்ள சொத்து. ஒருவர் கைக்குப் பணம் வேண்டும் என்பதற்காக முழு வீட்டையும் விலை பேசிவிட முடியாது.

நகரத்தார் வட்டித் தொழிலுக்காகக் கடல் கடந்தபோது இந்தப் பழக்கமும் கூடவே போயிற்று. சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்ட்ரீட், பினாங்கின் பினாங் ஸ்ட்ரீட் போன்ற விலை ஏறிய துறைமுகத் தெருக்களில் ஒவ்வொரு வட்டிக்கடைக்கும் தனி இடம் பிடிப்பது கட்டுப்படியாகாத செலவு. அதற்கு விடையாக வந்தது கிட்டங்கி. சரக்கு அடுக்கும் கிடங்கைக் குறித்த சொல், மனிதர்கள் சேர்ந்து வாழும் கட்டடத்துக்குப் பெயராகிவிட்டது. நீண்டு உள்வாங்கிய ஒரே கூடத்தில் பல கடைகள் இருக்கும். ஒரு பாய், உயரம் குறைந்த மேசை, கணக்கேடுகள் வைக்கும் மரப்பெட்டி. இவ்வளவுதான் ஒரு பெட்டியடி. பகலில் கடன் கேட்டு வருபவர் எதிரே உட்காருவார். இரவில் அதே இடத்தில் பாயை விரித்தால் அதுவே படுக்கை. மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் ஒரே சமையற்கட்டில் சாப்பிட்டார்கள். ஊரில் கூரை பொது, அடுப்பு தனி. கிட்டங்கியில் அடுப்பும் பொது. கடை நடத்திய முகவர்கள் பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கு முடிந்து ஊர் திரும்புபவர்கள், குடும்பத்தை உடன் கொண்டுவராதவர்கள் என்பதால்தான் இந்த நெருக்கடி வாழ்க்கை சாத்தியமாயிற்று. பெண்களும் குழந்தைகளும் வந்திருந்தால் ஏற்பாடு ஒரு மாதம் தாங்கியிருக்காது.

கிட்டங்கிக்கு இணையாக நடந்தது அறக்கொடை. தொழிலில் வரும் பணத்தில் ஒரு பகுதியை மகமையாக ஒதுக்கிப் பொதுக் காரியத்துக்குக் கொடுப்பது வழக்கம். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859-இல் குடமுழுக்குக் கண்ட தண்டாயுதபாணி கோயில் இப்படித்தான் எழுந்தது. பழனி, இராமேசுவரம் முதலிய தலங்களில் நகர விடுதிகளும் வந்தன. இவற்றில் மூத்தவற்றுள் ஒன்று காசியில் 1813-இல் தொடங்கிய நகரச் சத்திரம். அங்கிருந்து விசுவநாதர் பூசைக்கான பொருள்களைச் ‘சம்போ’ என்று குரல் கொடுத்தபடி சந்துகள் வழியே சுமந்து செல்வது இன்றும் நடக்கிறது. சத்திரம் தனியார் சொத்து அல்ல, நிர்வாகச் சங்கத்தின் சொத்து. நிலத்துக்கு விலையோ வாடகையோ ஈட்ட வேண்டிய தேவை இல்லாததால்தான், நெரிசலான நகரத்தின் நடுவே யாத்திரிகருக்குக் குறைந்த செலவில் தங்க இடம் தர முடிந்தது.

நிலத்தைச் சந்தைக்கு வெளியே நிறுத்தும் இதே எண்ணம் இந்தியாவில் வேறொரு வழியிலும் வளர்ந்தது. 1951 ஏப்ரல் 18 அன்று போச்சம்பள்ளியில் வினோபா பாவே தொடங்கிய பூதானம் பிறகு கிராமதானமாக விரிந்தது. அதில் நிலவுரிமை கிராம சபைக்குச் செல்லும், உழும் உரிமை குடும்பத்திடம் இருக்கும். அமெரிக்காவில் ராபர்ட் ஸ்வான், ஸ்லேட்டர் கிங் முதலியோர் 1969-இல் ஜார்ஜியாவில் ‘நியூ கம்யூனிட்டீஸ்’ அமைப்பைத் தொடங்கியபோது கிராமதானம் அவர்களுக்கு ஒரு முன்மாதிரி. அந்த அமைப்பு 1985-இல் கடனில் நிலத்தை இழந்தது. ஆனாலும் சமூக நில அறக்கட்டளை என்னும் முறை நிலைத்துவிட்டது. நிலம் அறக்கட்டளையிடமே இருக்கும். அதன்மேல் நிற்கும் வீட்டை மட்டும் நீண்ட காலக் குத்தகையோடு விற்பார்கள். வாங்கியவர் திரும்ப விற்கும்போது விலைக்கு ஒரு வரம்பு உண்டு. அடுத்து வருபவருக்கும் வீடு எட்டும் விலையில் கிடைக்க அதுவே காரணம். 1984-இல் வெர்மான்ட்டின் பர்லிங்டனில் நகராட்சி ஆதரவோடு வந்த அறக்கட்டளை இம்முறையில் புகழ்பெற்றது.

செட்டிநாட்டு வீட்டுக்கு இப்படி மறுவிற்பனை வரம்பு கிடையாது. பங்காளிகள் எல்லாரும் கையெழுத்திட்டால் வீடு விற்பனைக்கு வந்துவிடும். பர்மாத் தேக்குத் தூணும் நிலையும் கதவும் தனித்தனியாகக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போனது அந்தக் கையெழுத்துகளுக்குப் பிறகுதான். அத்தோடு, கிட்டங்கியும் விடுதியும் முதலில் தம்மவருக்காகவே எழுந்தவை. ஊர் ஏழைக்கு வீடு தருவது அவற்றின் நோக்கமாக இருந்ததில்லை.

மார்க்கெட் ஸ்ட்ரீட்டை மறுசீரமைப்பு விழுங்கியதும் எஞ்சிய வட்டிக்கடைக்காரர் சிலர் டேங்க் ரோடு கோயில் வளாகத்துக்கு இடம் மாறினார்கள். காசியில் கதை வேறு. சிக்ராவில் சங்கத்துக்குச் சொந்தமான நந்தவன நிலம் நெடுங்காலம் ஆக்கிரமிப்பில் கிடந்தது. அதை மீட்டு, சுமார் 60 கோடி ரூபாயில் 10 மாடியும் 140 அறைகளும் கொண்ட புதிய சத்திரத்தைக் கட்டினார்கள். 2025 அக்டோபர் 31 அன்று குடியரசுத் துணைத் தலைவர் சி.பி. ராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார்.