நீலத் துளை

மறைந்த என் மனைவி பிரெஞ்சில் எழுதிய கடிதங்கள், குடும்பப் படங்கள் எல்லாம் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் இருந்தன. போன மாதம் அது டிக் டிக் என்று சத்தம் போட்டது. பழைய லேப்டாப்பில் நகலெடுக்க இரண்டு மணி நேரம் காட்டியது. அதுவரை தாங்குமா?

"தாத்தா, நீலத் துளையில் செருகுங்க" என்றான் பேரன்.

யு.எஸ்.பி. 1996இல் வந்தது, அதை உருவாக்கியவர்களில் ஒருவர் பரோடாவில் படித்த அஜய் பட். 2000இல் வந்த 2.0 நொடிக்கு 480 மெகாபிட், 2008இல் வந்த 3.0 நொடிக்கு 5,000 மெகாபிட் வேகம். அக்காலத்து லேப்டாப் பலவற்றில் இரண்டும் கலந்திருக்கும். உள்ளே நீலமாகத் தெரிவது பெரும்பாலும் 3.0. நான் இத்தனை வருடமும் கறுப்பிலேயே செருகியிருக்கிறேன்!

நாற்பது நிமிடத்தில் முடிந்தது. மறுவாரம் டிஸ்க் சுழலவில்லை. கடிதங்கள் பிழைத்தன. நண்பர்களே, உங்கள் லேப்டாப்பையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.