உபதேசியார் (தஞ்சைக் காவிரிப் பகுதி)

குருப்பட்டம் பெறாமலே ஓர் ஊரின் கிறித்தவ வழிபாட்டையும் வேதக் கல்வியையும் பொறுப்பேற்று நடத்துபவர் உபதேசியார். கத்தோலிக்கரிடையே வேதியர், கோயில்பிள்ளை என்ற பெயர்களும், சீர்திருத்தச் சபைகளில் மூப்பர் என்ற பெயரும் இவரையோ இவருக்குத் துணை நிற்பவரையோ குறிக்கும். காவிரிக் கடைமடையில் கிறித்தவம் வேரூன்றிய வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியக் குருக்களின் பெயர்களையே முன்னிறுத்தினார்கள். எழுதியவர்களும் அவர்களே என்பதால் அதில் வியப்பில்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை தலைகாட்டிய குருவைவிட, ஆண்டு முழுவதும் ஊரில் இருந்தவர் கையில்தான் சபை இருந்தது.

17ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாட்டுக்குள் வந்த இயேசு சபையினரின் மதுரை மிஷனில் குருக்கள் மிகச் சிலர். ஊர்களோ மிகப் பல. ஐப்பசி கார்த்திகை மழையில் ஆறும் வாய்க்காலும் நிரம்பிவிட்டால் பல குடியிருப்புகளுக்கு வரப்பைத் தவிர வேறு வழி கிடையாது. பாவசங்கீர்த்தனம் கேட்பதும் பூசை வைப்பதும் குருவுக்கே உரியவை. மற்றவை எல்லாம் உபதேசியார் தலையில் விழுந்தன: ஞாயிறு செபம், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், சாகக் கிடப்பவருக்கு அருகில் இருந்து செபிப்பது, அடக்கம், ஆபத்து வேளையில் ஞானஸ்நானம், குடும்பச் சண்டைக்கு நியாயம். குரு வரும் நாள் தெரிந்தால் யார் யார் எதற்குத் தயாராக இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டியவரும் அவரே.

குரு இல்லாமல் ஒரு சமயக் கூட்டம் நிலைக்க முடியுமா என்ற கேள்விக்குத் தென்னிந்தியாவிலேயே இன்னொரு விடையும் உண்டு. கொச்சி யூதர்கள் முறைப்படி பட்டம் பெற்ற ரப்பி இல்லாமலே பல நூற்றாண்டுகள் தங்கள் ஜெபாலயங்களை நடத்தினார்கள். வயது வந்த பத்து ஆண்கள் கூடினால் பொது வழிபாடு நடக்கும். நடத்தி வைக்க மறை கற்ற ஒருவர் போதும். 19ஆம் நூற்றாண்டில் கொச்சியிலிருந்து பம்பாய்ப் பக்கம் போன சாலமன் சுராபி அங்கிருந்த பெனே இஸ்ரவேலர் என்ற யூதருக்கு வழிபாட்டு முறைகளைக் கற்பித்தார். அவர் ஆசிரியராகப் போனாரே தவிர ரப்பியாக அல்ல. யூத மரபில் வழிபாட்டுக்கு ரப்பி கட்டாயம் இல்லை என்பதால் இதில் இழுபறி எழவில்லை. கிறித்தவ உபதேசியாரின் நிலை அப்படி அல்ல. அவருக்கு மேலே எப்போதும் ஒரு படி இருந்தது. அதில் அவரை ஏற்றுவதா வேண்டாமா என்பதை வேறொருவர் முடிவு செய்தார். தஞ்சைப் பகுதி வரலாற்றின் முள் இதுதான்.

உபதேசியாரைத் திட்டமிட்டுப் பயிற்றுவிக்கும் முயற்சி 18ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில், ஒன்றையொன்று பகைத்த இரண்டு இடங்களில் ஏறக்குறைய ஒரே வேளையில் நடந்தது. கொள்ளிடத்தின் வடகரையில், திருக்காவலூர் என்று பெயர் பெற்ற ஏலாக்குறிச்சியோடு இணைத்து நினைக்கப்படும் இயேசு சபைக் குரு வீரமாமுனிவர் (1680–1747), வேதியருக்காகவே ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற உரைநடை நூலை 1727இல் எழுதினார். தேம்பாவணியையும் பரமார்த்த குருவையும் அறிந்தவர்கள் இந்நூலை அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆனால் ஊழியருக்கு என்றே தமிழில் எழுந்த தொடக்ககாலக் கைந்நூல்களில் இதற்கு ஒப்பானது அரிது. ஊரார் கண்முன் நடமாடும் வேதியன் எப்படி வாழ வேண்டும், எதைக் கற்றிருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

மறுபுறம் கடற்கரையில் டேனியரின் தரங்கம்பாடி. 1706 ஜூலையில் அங்கு வந்திறங்கிய ஜெர்மானிய லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்குவும் புளூட்சாவும் தொடக்கத்திலேயே பள்ளிகள் திறந்தார்கள். 1713 வாக்கில் தமிழ் அச்சகம் வந்தது. 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சேறின. 1716இல் உபதேசியரையும் ஆசிரியரையும் உருவாக்க ஒரு சிறு செமினரியைச் சீகன்பால்கு தொடங்கினார். தஞ்சை மன்னரின் எல்லைக்குள் ஐரோப்பியர் எளிதில் நுழைய முடியாத காலம் அது. ஆகவே உள்நாட்டில் சபை வளர வேண்டுமென்றால் தமிழரே போயாக வேண்டும். தமிழரை நம்பியதற்குக் கொள்கை பாதிக் காரணம் என்றால், வேறு வழியில்லாமை மறுபாதி.

செமினரி வளர்த்த ஆள்களைவிடச் செமினரிக்கு வெளியே தானாக முளைத்த ஒருவரே இந்த வரலாற்றில் பெரியவர். இராஜநாயக்கன் (ஏறத்தாழ 1700–1771) தஞ்சை மன்னர் படையில் பணியாற்றியவர். பறையர் சமூகத்தில், தலைமுறைகளாகக் கத்தோலிக்கராக இருந்த குடும்பத்தில் பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷங்களும் நடபடிகளும் அவர் கைக்கு வந்தன. யாரும் அனுப்பாமல், யாரும் கூலி தராமல், தாம் படித்ததைத் தம்மைச் சுற்றியிருந்தவர்களுக்குச் சொல்லத் தொடங்கினார். தரங்கம்பாடிக் குருக்கள் அவரை அறிந்தபோது அவரைச் சுற்றி ஒரு கூட்டம் ஏற்கெனவே இருந்தது. 1720களின் இறுதியில் படைப்பணியை விட்டு உபதேசியாரானார். உறவினரும் பழைய சமயத்தாரும் காட்டிய எதிர்ப்பு கடுமையாக இருந்தது. அதையும் தாங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தஞ்சைப் பகுதியில் உழைத்தார். தன்னார்வத் தலைமை என்ற சொல்லுக்கு இந்த நிலத்தில் ஒரு முன்னோடியைத் தேடினால் அவரைத்தான் காட்ட வேண்டும்.

1733இல் ஒரு தமிழருக்குக் குருப்பட்டம் கொடுப்பது என்று தரங்கம்பாடியில் முடிவானபோது இராஜநாயக்கன் பெயரும் பரிசீலிக்கப்பட்டது. அவருடைய தகுதியில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் பறையர் ஒருவர் கையால் மற்றச் சாதிக் கிறித்தவர்கள் இராப்போஜனம் வாங்குவார்களா என்ற தயக்கம் குருக்களிடையே எழுந்தது. சாதி வாரியாக மக்கள் தனித்தனியே அமர்ந்த கோயில் அது. கடைசியில் பட்டம் பெற்றவர் கடலூரில் பிறந்த வேளாளரான ஆரோன். ஆறுமுகம் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1718இல் ஞானஸ்நானம் பெற்று, உபதேசியாராக இருந்து, 1733 டிசம்பர் 28இல் தரங்கம்பாடியின் புதிய எருசலேம் ஆலயத்தில் குருவானார். இந்தியாவில் சீர்திருத்தச் சபையின் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. மாயவரம் வட்டாரத்தில் ஓயாமல் ஊழியம் செய்து 1745இல் இறந்தார். அவருக்குப் பின் தியோகு (1741), அம்புரோஸ் (1749) ஆகியோரும் பட்டம் பெற்றனர். இராஜநாயக்கன் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார். ஆரோனின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனாலும் 1733இன் தேர்வைச் சாதி கலந்த கணக்கு என்று சொல்லாமல் கடந்துவிட முடியாது.

1778இல் தஞ்சாவூரில் நிலையாகத் தங்கிய ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்சு (1726–1798) பயிற்சியை அன்றாட வேலையாகவே மாற்றினார். உபதேசியர் காலையில் அவரிடம் கூடுவர்; ஜெபம் முடிந்து ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து போவர்; மாலையில் திரும்பிவந்து யாரிடம் என்ன பேசினோம், என்ன கேள்வி வந்தது என்று சொல்வர். பாடம் அந்தக் கேள்விகளிலிருந்தே தொடங்கும். புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு வயல்வெளிக்குப் போனவர்களைவிட இப்படிப் பழகியவர்கள் தேறியதாகவே விளைவுகள் காட்டுகின்றன. அவர் வளர்த்த சத்தியநாதன் 1790இல் தஞ்சையில் பட்டம் பெற்றார். அந்த நாளில் அவர் ஆற்றிய பிரசங்கத்தின் மொழிபெயர்ப்பு இலண்டனில் அச்சானது. சுவார்ட்சிடம் பயின்ற கிறிஸ்டியன் டேவிட் உபதேசியாராக யாழ்ப்பாணத்துக்குப் போய், 1824இல் கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் பேராயர் ஹீபரிடம் பட்டம் பெற்றார்.

குருப்பட்டத்தை நினைத்துப் பார்க்கக்கூட முடியாதவர்கள் பெண்கள். தஞ்சையைச் சேர்ந்த மராத்தியப் பிராமண விதவை கிளாரிந்தா, ஓர் ஆங்கில அதிகாரியுடன் வாழ்ந்தபோது ஞானஸ்நானம் கேட்டார். மணமாகாத வாழ்க்கை என்று சுவார்ட்சு மறுத்தார். அதிகாரி இறந்தபின் 1778இல் பாளையங்கோட்டையில் அதைப் பெற்றார். அங்கே 1780இல் நாற்பது பேராக இருந்த சபைக்கு அவர்தான் ஆணிவேர். பள்ளிக்கும் அவரே ஆதரவு. 1785இல் எழுந்த ஆலயத்தை ஊரார் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே சொல்கிறார்கள். சத்தியநாதன் அந்தச் சபைக்கு அனுப்பப்பட்டது பிறகுதான். திருநெல்வேலிச் சீமையின் பெரிய சபை ஒரு தஞ்சைப் பெண்ணின் முன்முயற்சியில் தொடங்கியது என்பதைத் தஞ்சைக்காரர்களே அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) வேறு வகை. சிறுவனாக இருக்கையில் சுவார்ட்சு தஞ்சைக்கு அழைத்துவந்து வளர்த்தவர். இளவயதிலேயே உபதேசியருக்குக் கற்பிக்கும் பள்ளியின் ஆசிரியர். இரண்டாம் சரபோசியின் அவையில் மதிக்கப்பட்டவர். பட்டமில்லாமலேயே, பாட்டால் சபையை ஆண்டார். ‘பெத்லகேம் குறவஞ்சி’ போன்ற அவருடைய படைப்புகள் எழுத்தறியாதவர் நாவிலும் வேதத்தை ஏற்றின. புதிய தலைமுறை மிஷனரிகள் பாடலையும் சாதி வழக்கத்தையும் திருத்த முனைந்தபோது அவர் எதிர்த்து நின்று வேலையை இழந்தார். பாட்டைக் காத்த அளவில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. சாதித் தனியிடத்தையும் சேர்த்துக் காத்தார் என்பது அதோடு ஒட்டிக்கொண்ட கறை. 1833இல் கல்கத்தாப் பேராயர் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதென்று ஆணையிட்டபோது தஞ்சையிலும் சென்னையிலும் பலர் சபையை விட்டு விலகினார்கள். உள்ளூர்த் தலைமை என்றாலே முற்போக்கு என்று கொள்ள முடியாது.

குருக்கள் இல்லாமல் நிலைக்க வேண்டிய சோதனை கத்தோலிக்க ஊர்களுக்கு இதற்கு முன்பே வந்துவிட்டது. 1759இல் போர்த்துகல் இயேசு சபையினரை வெளியேற்றியது. 1773இல் திருத்தந்தை அந்தச் சபையையே கலைத்தார். புதிய குருக்கள் வருவது ஏறத்தாழ நின்றுபோனது. எஞ்சியிருந்த முதியவர்களும், கோவாவிலிருந்து வந்த சிலரும் எல்லா ஊருக்கும் போதவில்லை. 1838இல் பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரை மிஷனுக்குத் திரும்பியபோது ஊர்களில் செபமும் திருவிழாவும் நடந்துகொண்டிருந்தன என்றால், அது கோயில்பிள்ளைகளின் வேலை. தனித்துப் பழகிய அந்த ஊர்கள் குருவின் சொல்லுக்கு உடனே பணிந்துவிடவில்லை என்பதும் இயல்புதான்.

லுத்தரன் சபைக்கு அதே சோதனை முதல் உலகப் போரில் வந்தது. லைப்சிக் மிஷனின் ஜெர்மானிய ஊழியர்கள் வெளியேற, பொறுப்பு சுவீடன் மிஷனரிகளிடமும் தமிழரிடமும் வந்தது. 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. 1956இல் இராஜா மாணிக்கம் தரங்கம்பாடிப் பேராயரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். குருக்கள் பெருகியபின் சம்பளம் பெறும் உபதேசியார் மெல்ல மறைந்தார். அவர் வேலை சபைச் சங்க உறுப்பினர், ஞாயிறு பள்ளி ஆசிரியர், பாடகர் குழுத் தலைவர் என்று கூலியில்லாதவர்களிடம் சிதறியது. கத்தோலிக்கத் தரப்பில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) பொதுநிலையினரின் பணியைத் தனி ஆணையாகவே வகுத்தது. தஞ்சை, கும்பகோணம் மறைமாவட்டப் பங்குகளில் இன்று சில பத்துக் குடும்பங்களுக்கு ஓர் ‘அன்பியம்’ இயங்குகிறது. வீட்டுக்கு வீடு மாறி நடக்கும் செபம், நோயாளியைப் பார்ப்பது, சாவு வீட்டுக்கு உதவி என்று பழைய வேதியரின் வேலைப் பட்டியல் பெரும்பாலும் அங்கே இருக்கிறது. இதற்கு ஊதியம் இல்லை. அன்பியப் பொறுப்பாளருக்குப் பயிற்சி வகுப்புகளும் நடக்கின்றன. யார் பொறுப்புக்கு வருகிறார்கள் என்ற பழைய கேள்வியும் தீர்ந்துவிடவில்லை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டபோது, சபைக்குள் சாதிப் பாகுபாடு நீடிப்பதை அதில் ஒப்புக்கொண்டது.