பொல்கொல்லைக்கு வந்த அமேசன் மீன்

கண்டியில் ஒரு டிஸ்கஸ் தொட்டி வைக்க வேண்டும் என்பது எங்களுக்கு ரொம்ப நாள் ஆசை. பண்ணையில் பிறந்த சிவப்பு, நீல டிஸ்கஸ் இல்லை. ஆற்றில் பிடித்த, மண்ணிறத்தில் கறுப்புக் கோடு போட்ட காட்டு டிஸ்கஸ். வழக்கமாக மீன் வாங்கும் கடை நானாவிடம் கேட்டோம். சிரித்துவிட்டார். "தம்பிமாரே, அது மீன் இல்ல, கல்யாணம். தொடங்கினா செலவு நிக்காது."

செலவுக் கணக்குப் போட உட்கார்ந்தவர்கள் வரலாற்றுக்குள் போய் விழுந்துவிட்டோம். அந்தக் கதைதான் இது.

டிஸ்கஸ் ஐரோப்பாவுக்கு முதலில் செத்துத்தான் போனது. யோஹன் நாட்டரர் என்ற ஆஸ்திரியர் 1817 முதல் 1835 வரை பிரேசிலில் அலைந்து பறவை, மிருகம், மீன் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து வியன்னாவுக்கு அனுப்பினார். அந்தச் சேகரிப்பில் ரியோ நீக்ரோவில் பிடித்த தட்டு மாதிரியான மீன் ஒன்றும் இருந்தது. அமேசனைத் தன் கண்ணால் பார்க்காத யோஹன் ஹெக்கல் 1840இல் அதற்கு 'சிம்ஃபைசோடொன் டிஸ்கஸ்' என்று பெயர் வைத்தார். உயிரோடு கப்பலேற இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்குப் பிறகு ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் வீட்டுத் தொட்டிகளில் முட்டையிட வைக்கப் படாத பாடு பட்டார்கள். காரணம், டிஸ்கஸ் குஞ்சுக்குத் தாய் தகப்பனின் தோலில் ஊறும் சளிதான் முதல் சாப்பாடு. பெற்றோரைப் பிரித்தால் குஞ்சு பட்டினி. கிட்டத்தட்ட தாய்ப்பால் மாதிரி, ஆனால் அப்பாவும் கொடுப்பார். அந்த வித்தை கைவந்ததும் தொழில் கிழக்கே நகர்ந்தது. மலேசியா, தாய்லாந்துப் பண்ணைகள் புதுப்புது நிறங்களை உருவாக்கின. தாய்லாந்தின் 'பிஜன் பிளட்' இனம் உலகமெல்லாம் போனது. கண்டிக் கடைகளில் இன்று நாம் பார்க்கும் டிஸ்கஸ் பெரும்பாலும் இந்தப் பண்ணைப் பரம்பரைதான். அமேசனை அதன் கொள்ளுத் தாத்தாதான் பார்த்திருப்பார்.

காட்டு டிஸ்கஸ் வேறு சாதி. ரியோ நீக்ரோ தண்ணீர் இலையும் வேரும் ஊறி, பால் விடாத தேத்தண்ணீர் நிறத்தில் இருக்கும். உப்புச் சத்து கிட்டத்தட்ட இல்லை. பீஎச் 5க்குக் கீழேயும் போகும். வெப்பம் 28 பாகை, அதற்கும் மேலே. கூட்டமாக வாழும் மீன் என்பதால் ஐந்தாறாவது வேண்டும். அதற்கு 300 லீட்டராவது கொள்ளுகிற, உயரமான தொட்டி வேண்டும். அடியில் மெல்லிய மணல், நடுவில் மரவேர், மேலே கொட்டம்பா என்று நாங்கள் சொல்லும் நாட்டுவாதுமையின் காய்ந்த இலை. கூட விடுகிற மீனுக்கும் அந்தச் சூடு தாங்க வேண்டும். கார்டினல் டெட்ரா, ரம்மி நோஸ் தாங்கும். ஸ்டெர்பை கோரிடோரஸும் தாங்கும். வேகமாகப் பாய்ந்து சாப்பாட்டைப் பறிக்கும் மீன் வேண்டாம், ஏனென்றால் டிஸ்கஸ் யோசித்து யோசித்துத்தான் சாப்பிடும்.

தண்ணீரில் கண்டிக்காரர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். மலையிலிருந்து வரும் மகாவலித் தண்ணீர் மென்மையானது. குளோரின் போக வைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் திகனைப் பக்கம் டொலமைட் பாறை. அங்கே கிணற்றுத் தண்ணீர் எடுக்கும் நண்பனின் கேத்தல் அடியில் வெள்ளையாய்ப் படிந்திருப்பதைப் பார்த்தாலே போதும், டிஸ்கஸை மறந்துவிடலாம். சூடுதான் நமக்குப் பிரச்சினை. கொழும்பில் ஹீட்டர் இல்லாமல்கூட ஓரளவு சமாளிப்பார்கள். கண்டியில் மார்கழி இரவுக்கு நமக்கே இரண்டு போர்வை வேண்டும்.

இவ்வளவும் வாசித்த பிறகுதான் ஒரு கேள்வி வந்தது. அமேசன் மீன் கண்டி வீட்டுக்கு வரும்போது, நம்ம ஆற்று மீன் எங்கே போனது?

அதுவும் போயிருக்கிறது. 1929இல் பி.ஈ.பி. தெரணியகல 'புன்டியஸ் டிட்டேயா' என்று ஒரு சின்னக் கெண்டையை விவரித்தார். சிங்களத்தில் 'லே தித்தியா', அதாவது இரத்தத் தித்தியா. உலகம் அதைச் செரி பார்ப் என்று வாங்கியது. இன்னொன்று பிளாக் ரூபி பார்ப். ஆண் மீன் இணை தேடும் காலத்தில் முகமெல்லாம் சிவந்துவிடும். அதனால் சிங்களத்தில் 'புலத் ஹப்பயா', வெற்றிலை சப்புகிறவன். இதைவிடப் பொருத்தமான பெயரை எந்த விஞ்ஞானியும் வைக்க முடியாது. இரண்டும் களனியிலிருந்து தெற்கே நில்வளை வரையான ஈரவலய ஓடைகளின் மீன்கள். இவற்றை வலைபோட்டுப் பிடித்து, பொலித்தீன் பையில் ஒட்சிசன் அடைத்து ஆயிரக்கணக்கில் அனுப்பினார்கள். 1980களில் ஆய்வாளர்கள் பயந்துபோய், களனிப் படுகையின் சில மீன் இனங்களை மகாவலிப் படுகை ஓடைகளில் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்கள். அந்தப் பரிசோதனையின் முடிவை எரிக் விக்ரமநாயக்க 1990இல் எழுதினார். நம்ம ஆறு ஒரு காலத்தில் மீன்களுக்கு அகதி முகாமாகவும் இருந்திருக்கிறது.

கேகாலை மாவட்டத்துக் கலபிட்டமடைப் பக்கத்தில் பந்துல பார்ப் என்று ஒன்று உண்டு. 1991இல்தான் அதற்கு விஞ்ஞானப் பெயரே கிடைத்தது. உலகத்திலேயே அதற்கு இருந்த இடம் வயலுக்கு நடுவே ஓடும் ஒரேயொரு ஓடை. அப்படி ஒரு மீனை இரண்டு நாள் வலைபோட்டால் இனமே முடிந்துவிடும்.

அப்படியானால் காட்டு மீன் பிடிப்பதே பாவமா? இங்கேதான் எங்களுக்குள் சண்டை வந்தது. ரியோ நீக்ரோ கரையில் பார்சேலோஸ் என்று ஒரு ஊர். அங்கே சனங்கள் பல தலைமுறையாகக் கார்டினல் டெட்ராவும் டிஸ்கஸும் பிடித்து விற்கிறார்கள். வருடா வருடம் நடக்கும் மீன் திருவிழாவில் ஊர் இரண்டாகப் பிரிந்து, ஒரு பக்கம் கார்டினல் அணி, மறுபக்கம் டிஸ்கஸ் அணி என்று ஆடிப் போட்டி போடும். 1989இல் தொடங்கிய 'புரொஜெக்ட் பியாபா' ஆய்வாளர்கள் சொல்வது இதுதான்: அந்த மீன் வியாபாரம் இருப்பதால்தான் அங்கே சனம் காட்டை வெட்டாமல் இருக்கிறது. வருடாவருடம் வெள்ளம் வந்து காடே குளமாகும் இடத்தில் கார்டினல் கோடிக்கணக்கில் பெருகும். பந்துலவுக்கு இருந்ததோ ஒரு ஓடை. எந்த ஆறு, எத்தனை மீன், காசு யார் கைக்குப் போகிறது என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது என்பது எங்கள் கட்சி. நம் ஊரில் வலை போட்ட பையனுக்குக் கிடைத்தது சில்லறைதான் என்றே நினைக்கிறோம்.

மீனை ஆறு மாற்றுவது இந்த மலைக்குப் புதிதும் இல்லை. வெள்ளைக்காரத் துரைமார் தூண்டில் போட்டுப் பொழுதுபோக்க 1880களிலேயே நுவரெலியா ஓடைகளில் ட்ரௌட் விட்டார்கள். கோப்பியும் தேயிலையும் மட்டுமா கொண்டுவந்தார்கள்? 1952இல் திலாப்பியா வந்தது. சனத்துக்குச் சோறோடு மீன் கிடைத்ததால் அதை யாரும் திட்டுவதில்லை, நாங்களும்தான்.

ஆனால் பொல்கொல்லையில் நடந்தது வேறு. தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் 'டேங்க் கிளீனர்' தெரியும்தானே? அதுவும் அமேசன்காரன். கடையில் விரல் நீளம். சில வருடத்தில் முழங்கை நீளம். தொட்டி போதாமல் போனதும் ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். அது இன்று பொல்கொல்லை, விக்டோரியா, கலாவெவ நீர்த்தேக்கங்களில் பெருகிக் கிடக்கிறது. பொல்கொல்லைக் கூட்டத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். முள்ளும் ஓடுமாக வலையில் சிக்கினால் வலை கிழியும். கிழிந்த வலையோடு நிற்பவர் நீர்த்தேக்கத்து மீனவர். தொட்டி வைத்தவர் வீட்டில் நிம்மதியாக இருப்பார். பொல்கொல்லையிலிருந்து 1976 முதல் தண்ணீர் சுரங்கம் வழியாக உக்குவளைக்குப் போய், சுது கங்கை, அம்பன் கங்கை என்று ஓடுகிறது. வேறெங்கும் இல்லாத கெண்டை இனங்கள் அம்பன் கங்கைப் படுகையில் இருக்கின்றன. வழி திறந்தே கிடக்கிறது. போதாததற்குக் கண்டி வாவியில் அலிகேட்டர் கார் என்ற பல்லுப் பூதமும் பிடிபட்டது. அதுவும் நீந்தி வரவில்லை, வாளியில்தான் வந்திருக்கும். நம்ம செரி பார்ப் கொலம்பியா ஆறுகளில் குடியேறிவிட்டது என்று வாசித்தபோது, கணக்குச் சரியாகிவிட்டது என்று ஒருவன் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

காட்டு டிஸ்கஸ் கடைசிவரை வாங்கவில்லை. கைக்காசு சேர்த்து பண்ணை டிஸ்கஸ் ஆறு வாங்கினோம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஹீட்டரும் இல்லை, காற்றுப் பம்பும் இல்லை, பில்டரும் நின்றது. முறை வைத்துக் கோப்பையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினோம். கேஸ் இல்லாததால் சுடுதண்ணீர் வைக்கவும் வழியில்லை. நாலு மீன் போச்சு. அரிசிக்கு வரிசையில் நிற்கும் நாட்டில் மீனுக்கு அழலாமா என்று வெட்கமாகவும் இருந்தது. மிச்ச இரண்டையும் ஜெனரேட்டர் உள்ள ஒருவரிடம் கொடுத்துவிட்டோம்.

இப்போது அந்தத் தொட்டியில் பண்ணையில் பிறந்த புலத் ஹப்பயா பன்னிரண்டு. ஹீட்டர் வேண்டாம், கண்டிக் குளிர் அதற்குப் பழக்கம். பழைய தொட்டியில் மிஞ்சிய டேங்க் கிளீனர் ஒன்று மட்டும் பக்கத்தில் தனியாகக் கிடக்கிறது. 14 அங்குலம் வந்துவிட்டது. கடை நானாவிடம் திருப்பி எடுக்கச் சொன்னோம். "வேணாம் தம்பி, ஏற்கனவே மூணு நிக்குது" என்றார். எடுக்க ஆளில்லை. பொல்கொல்லை இங்கிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம்தான். அதனால்தான் அடுத்த மாதம் இன்னும் பெரிய தொட்டி ஒன்றுக்குக் காசு சேர்க்கிறோம்.