இலவசக் கல்விக்குள்ள போன் வரல்ல

பள்ளிக்கூடத்துக்குத் தேவையானதுல எது இலவசம், எது வீட்டுச் செலவு? இந்தக் கேள்விக்கு நம்ம நாட்டுல ஒரு நீண்ட வரலாறு இருக்கு.

1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா காலத்தில் கட்டணம் போனது. நகரத்துக்கு வெளியே மத்திய கல்லூரிகள் வந்தன. நம்ம கரையில கல்முனை ஸாஹிராவின் கதை 1949இல் தொடங்குது. ஆனா கட்டணம் இல்லாட்டியும் புத்தகம் வாங்கணுமே? பாடநூல் இலவசமானது 1980இல். சீருடைத் துணி 1993இல். முதல்ல தேவை வரும், பல வருஷம் பிந்தி அரசு வரும். பிந்தினாலும் வந்ததுதான் இதுல முக்கியம்.

இன்டர்நெட் விஷயத்துல அந்த வழக்கம் உடைஞ்சது. 2005 அளவில் 'அறிவகம்' என்று கிராமங்களில் கணினி நிலையங்கள் திறந்தாங்க. சிங்களத்தில் 'நெனசல'. பல இடங்களில் பள்ளிவாசல், கோயில், விகாரைக்குள்ளேயே அவை இருந்தன. அந்த நேரம் நம்ம கரைக்குக் கணினி ஒரு தூரத்துப் பேச்சு. 2004 டிசம்பர் 26இல் சுனாமியால் அதிகம் பேரை இழந்த மாவட்டம் அம்பாறை. மருதமுனையிலயும் சாய்ந்தமருதிலயும் பேச்செல்லாம் கூரை, சுவர், கிணறு பற்றித்தான். பிறகு ஸ்மார்ட் போன் வந்ததும் 'இனி எல்லாம் கையில இருக்கு' என்று அறிவகத்தை மறந்துட்டாங்க. என் பார்வையில பெரிய தவறு அதுதான். பொதுவில் இருந்த ஒன்று வீட்டுக்குரியதாச்சு.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடின. ஈ-தக்சலாவ இணையத்தளம் இருந்தது, டிவியில பாடம் போனது. ஆனா உண்மையில ஓடினது வட்ஸ்அப் குழுக்கள்தான். 2019 கணக்கெடுப்புப்படி நாட்டில் ஐந்து வீட்டில் ஏறத்தாழ ஒரு வீட்டில்தான் கணினி. மிச்சமெல்லாம் போன். அதுவும் வீட்டுக்கு ஒன்று. வாப்பா கடலுக்குப் போனா போனும் கடலுக்குப் போகும். மூணு பிள்ளைகள் இருக்கிற வீட்டுல ஓ.எல். எடுக்கிறவருக்கு முதலிடம், ஆறாம் வகுப்பு தங்கச்சிக்கு ராத்திரி மிஞ்சினது. நவம்பர் கடைசியில அக்கரைப்பற்றுக் கொத்தணி வந்தபோது நம்ம பக்கம் முடக்கம் இன்னும் இறுகினது.

இதுல ஒரு வேடிக்கை. பல்கலைக்கழக மாணவருக்கு லேர்ன் வலையமைப்பு வழியா சூம் வகுப்பு டேட்டாச் செலவில்லாமக் கிடைத்தது. நல்ல ஏற்பாடு. அப்ப, ஒரே வீட்டுல நானா இலவசமா விரிவுரை கேட்பார். பக்கத்துல எட்டாம் வகுப்புத் தம்பி, சேர் அனுப்பின வீடியோவைத் திறக்க உம்மாகிட்ட ரீலோட்டுக்குக் காசு கேட்பான். கல்வியமைச்சு நினைச்சிருந்தா இதுக்கும் ஒரு வழி இருந்திருக்காதா?

2021இல் பதுளைப் பக்கம் போஹிட்டியாவ பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுக்குள்ள பாறை ஏறின படங்கள் உலகம் முழுக்கப் போச்சு. நம்ம ஊர்ல டவர் இருக்கு, பாறை ஏறத் தேவையில்ல. அதனால படமும் இல்ல. சிக்னல் இருந்தும் போன் இல்லாத பிள்ளையை எந்தக் கெமராவும் தேடி வராது.

2022இல் ரூபாய் விழுந்து போன் விலை எகிறினது. மார்ச் கடைசியில மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. 2021ஆம் வருஷத்து ஓ.எல். பரீட்சை அந்த மே மாசம்தான் நடந்தது. பத்தாம் வகுப்பிலிருந்தே இடைக்கிடை போனில் படிச்ச பிள்ளைகள், போனே இல்லாதவங்களோட ஒரே வினாத்தாளுக்கு எழுதினாங்க. எரிபொருள் இல்லையென்று ஜூனில் மறுபடி பள்ளிக்கூடம் மூடினப்பவும் வந்த அறிவித்தல் 'ஒன்லைனில் படியுங்க' என்பதுதான்.