கன்னாபிஜெரால்: போதையற்ற ஒரு கஞ்சாச் சத்தின் ஔஷத மதிப்பு

கஞ்சாச் செடியைப் பற்றிய ரசாயன ஆராய்ச்சி நெடுங்காலம் ஒரே வினாவைச் சுற்றியே நடந்து வந்தது. மனிதனை மயக்குகின்ற வஸ்து அதில் எது என்பதே அவ்வினா. 1964-ஆம் ஆண்டில், இஸ்ரேலின் ரெஹோவோத் நகரிலுள்ள வைஸ்மன் விஞ்ஞான நிலையத்தில் யெஹியேல் கவோனியும் ரபேல் மெக்கூலமும் ஹஷீஷ் பிசினைப் பகுத்தாராய்ந்து, டெட்ராஹைட்ரோகன்னாபினால் என்னும் போதைப் பொருளைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பை நிர்ணயித்தபோது அவ்வினாவுக்கு விடை கிடைத்தது. அதே ஆண்டில் அவ்விருவருமே கன்னாபிஜெரால் என்னும் வேறொரு சேர்மத்தையும் கண்டறிந்து வெளியிட்டனர். எனினும் அது போதை தராத பொருளாகையால், பல பத்தாண்டுகள் ஏறக்குறைய கவனிப்பாரற்றே கிடந்தது. இன்றோ நிலைமை தலைகீழாகி, பதற்றம் தணிக்கும், உறக்கம் தரும் என்ற விளம்பரங்களோடு அது எண்ணெயாகவும் மாத்திரையாகவும் விற்பனையாகிறது. இச்சத்து மருத்துவத்துக்குப் பயன்படுமாயின், அதன் முதல் உபயோகம் கிருமிகளை எதிர்ப்பதிலேயே, அதுவும் உடலின் மேற்பரப்பிலேயே, அமையக்கூடும் என்பதும், மனத்துக்கு அமைதி தரும் மருந்தாக அதை விற்பது பிரமாணங்களுக்கு முந்திய அவசரம் என்பதும் என் அபிப்பிராயம்.

செடிக்குள் இது தோன்றும் விதத்தை முதலில் அறிதல் வேண்டும். ஒலிவெட்டாலிக் அமிலமும் ஜெரானைல் பைரோபாஸ்பேட்டும் இணைந்து கன்னாபிஜெராலிக் அமிலம் உண்டாகிறது. அவ்வமிலத்தை வெவ்வேறு நொதிகள் மாற்றியமைப்பதனாலேயே போதைச் சத்தின் அமிலமும், கன்னாபிடையாலின் அமிலமும், கன்னாபிக்ரோமீனின் அமிலமும் பிறக்கின்றன. மாற்றப்படாமல் எஞ்சிய பகுதியே சூட்டினாலும் காலத்தினாலும் கரியமில வாயுவை இழந்து கன்னாபிஜெராலாகிறது. ஆகவேதான் முதிர்ந்த பூவில் இதன் அளவு சாதாரணமாக 1 சதவீதத்தையும் எட்டுவதில்லை. இந்த அருமையே ஆராய்ச்சிக்குத் தடையாக இருந்தது. ஆனால் அடுத்த கட்ட நொதிகள் வேலை செய்யாத செடி வகைகள் இப்போது பயிராகின்றன. கலிபோர்னியாவின் பெர்க்லி நகர விஞ்ஞானிகளோ, மரபணு மாற்றிய ஈஸ்டைக் கொண்டு சர்க்கரையிலிருந்தே கன்னாபிஜெராலிக் அமிலத்தை உண்டாக்கலாம் என்பதை 2019-இல் நிரூபித்துவிட்டனர்.

இனிக் கிருமிகளின் விஷயம். மெத்திசிலின் முதலிய மருந்துகளுக்கு அடங்காத ஸ்டபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியைக் கன்னாபிஜெரால் ஒடுக்குவதை 2008-இல் ஆராய்ச்சியாளர் அப்பென்டினோவும் அவர் கூட்டாளிகளும் எடுத்துக்காட்டினர். 2020-இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து எரிக் பிரவுன் குழுவினர் இதை மேலும் ஆழ்ந்து பரிசீலித்து, இச்சத்து கிருமியின் உட்சவ்வைத் தாக்குகிறது என்றும், கிருமிகள் ஒட்டிக்கொண்டு தமக்குக் கவசமாக அமைத்துக்கொள்ளும் உயிர்ப்படலம் உருவாகாமல் தடுக்கிறது என்றும், மருந்துக்கு மறைந்து உறங்கிக் கிடக்கும் கிருமிகளையும் அழிக்கிறது என்றும் கண்டனர். கிராம்-எதிர்க் கிருமிகளுக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக இருப்பதால் அவற்றை இது தனித்து வெல்லுவதில்லை. பாலிமிக்சின் பி என்னும் மருந்து அவ்வெளிச்சவ்வைக் குலைத்த பின்னரோ அவற்றின்மீதும் இதன் சக்தி பலிக்கிறது. புதிய நுண்ணுயிர்க்கொல்லிகள் அரிதாகிவிட்ட இக்காலத்தில் இது அற்பமான செய்தியன்று.

ஆயினும் அளவைக் கவனியாமல் மகிழ்ந்துவிடலாகாது. பிரவுன் குழுவினர் எலிகளிடம் நடத்திய பரிசோதனையில் அவற்றுக்குக் கொடுத்தது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம். எலியின் உடல் மருந்தை விரைந்து செலவிடுவதைக் கருதி வழக்கம்போல் 12-ஆல் வகுத்துப் பார்த்தாலும், 60 கிலோ எடையுள்ள மனிதனுக்கு 500 மில்லிகிராம் தேவை என்றாகிறது. சவ்வைத் தாக்கும் ஒரு பொருளை இத்தனை அளவில் இரத்தத்திலே செலுத்தும்போது, நம்முடைய உயிரணுக்களின் சவ்வுகளுக்கு என்ன நேரும் என்பதைத் தீர விசாரித்தாக வேண்டும். தோலிலோ மூக்கின் உட்புறத்திலோ பூசுவதானால் இவ்விடர் பெரிதும் குறைகிறது.

நேப்பிள்ஸ் நகரில் 2013-இல் எலிகளின் பெருங்குடல் அழற்சியை இது தணித்ததும், ஹண்டிங்டன் நோயை ஒத்த நிலையிலிருந்த எலிகளின் நரம்பணுக்களைக் காத்ததாக 2015-இல் ஸ்பெயின் நாட்டார் அறிவித்ததும் குறிப்பிடத்தக்கனவே. எலியில் குணமான நோய்கள் பல மனிதனிடம் குணமாகாமற் போன வரலாற்றை அறிந்தவர்கள் அவற்றை நம்பிக்கையின் தொடக்கமாக மட்டுமே கொள்வர்.

மனிதரிடம் நடந்த முறையான சோதனை என எடுத்துக்காட்டத்தக்கது 2024-இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டது. 34 பேர், ஒரு முறை 20 மில்லிகிராம் கன்னாபிஜெராலும் மற்றொரு முறை போலி மருந்தும், எது எதுவென்று தாமும் அறியாமல், கொடுப்பவரும் அறியாமல் உட்கொண்டனர். பதற்றமும் மனவழுத்தமும் குறைந்தன, போதைக் குறி தோன்றவில்லை. சோதனை நேர்மையானது; ஆனால் அவர்கள் ஆரோக்கியமானவர்கள், கஞ்சாவை முன்பே பயன்படுத்தியவர்கள். பதற்ற நோயாளிகள் மாதக்கணக்கில் உட்கொண்டால் என்ன விளையும் என்பதற்கு இதில் விடை தேடலாகாது. மேலும் கன்னாபிஜெரால் ஆல்பா-2 அட்ரினோ ஏற்பியைத் தூண்டும் வலிமையுடையதென 2010-இலேயே தெரிந்தது. இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் குளோனிடின் மருந்தும் அதே ஏற்பியின் வழியாகவே வேலை செய்கிறது. அழுத்தத்துக்கு மருந்து உண்ணும் முதியவர் ஒருவர், தீங்கற்ற மூலிகை என்று நம்பி இதையும் சேர்த்து உட்கொள்வது எனக்குக் கவலை தருகிறது. அமெரிக்காவில் 2018-ஆம் ஆண்டு விவசாயச் சட்டம், போதைச் சத்து 0.3 சதவீதத்துக்கு மேற்படாத செடியைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்ததும், வைத்தியனை முந்திக்கொண்டு வியாபாரி வந்துவிட்டான்.

ஆகையால் நான் வேண்டுவது பரந்த வாக்குறுதியன்று, குறுகிய ஒரு சோதனை. அடங்காத ஸ்டபிலோகாக்கஸ் கிருமியை மூக்கில் தாங்கியிருப்போருக்கு அறுவைச் சிகிச்சைக்கு முன் முபிரோசின் களிம்பைப் பூசும் வழக்கம் உண்டு. அம்மருந்துக்கும் எதிர்ப்புப் பெற்ற கிருமிகள் பெருகி வருகின்றன. கன்னாபிஜெரால் களிம்பை அதனோடு ஒப்பிட்டு, கிருமி நீங்குகிறதா, எத்தனை நாள் திரும்பாதிருக்கிறது, மூக்கின் சவ்வு புண்படுகிறதா என்ற மூன்றையும் மருத்துவமனைகளில் அளந்து பார்ப்பது, அதிகப் பொருட்செலவின்றியே செய்யக்கூடிய காரியம்.