புறப்பட மறுத்த பொறி



எந்திரங்களின் வரலாற்றை எழுதுவோர் அவை எப்பொழுது பிறந்தன, யார் படைத்தார் என்பவற்றையே பெரும்பாலும் எழுதுவர். அவை ஓடாமல் நின்றுபோனபொழுது மக்கள் என்ன செய்தனர் என்பதை எழுதுவோர் சிலரே. ஆயினும், எந்திரத்தைப் பற்றிய அறிவு பெரிதும் வளர்ந்தது அது நின்றுபோன வேளைகளில்தான். படகின் பின்புறத்தில் வெளியே மாட்டப்படும் அவுட்போர்டு மோட்டாரின் கதை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அதனை இன்று காண்போம்.

அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓகாச்சி என்றோர் ஏரி உண்டு. 1906-ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு நாள், ஓல் எவின்ரூட் என்னும் இளைஞர் தாம் மணக்கவிருந்த பெஸ் கேரி என்னும் நங்கையுடனும் நண்பர்களுடனும் அங்கே உலாவச் சென்றிருந்தார். பெஸ் ஐஸ்கிரீம் வேண்டுமென்றார். எவின்ரூட் இரண்டரை மைல் துடுப்புப் போட்டு அக்கரை சென்று, ஐஸ்கிரீம் வாங்கித் திரும்பினார். வருவதற்குள் அது உருகிவிட்டது. கைவலியோடு திரும்பிய அவர் உள்ளத்தில், படகைத் தள்ள ஒரு சிறு பொறி வேண்டும் என்ற எண்ணம் அன்றே முளைத்தது என்பர்.

எவின்ரூட் நார்வே நாட்டில் 1877-இல் பிறந்து, ஐந்து வயதில் பெற்றோருடன் அமெரிக்கா வந்தவர். இத்தகைய மோட்டாரை எண்ணிய முதல் மனிதர் அவர் அல்லர். 1881-இலேயே பாரிஸ் நகரில், குஸ்தாவ் ட்ரூவே என்பவர் மின்கலத்தால் ஓடும் ஒரு கருவியைப் படகில் மாட்டிச் சேன் ஆற்றில் ஓட்டிக் காட்டினார். அமெரிக்காவில் கேமரன் வாட்டர்மன் என்பவரும் எவின்ரூட்டுக்கு முன்னரே பெட்ரோல் மோட்டார் செய்தார். எனினும், 1909-இல் விற்பனைக்கு வந்த எவின்ரூட்டின் மோட்டாரே மக்களிடையே பரவியது. அதன் எடை 62 பவுண்டு. ஆற்றல் ஒன்றரைக் குதிரைத்திறன். துடுப்புகளை வீசியெறியுங்கள் என்று விளம்பரம் எழுதியவர், அப்பொழுது அவருடைய மனைவியாகிவிட்ட பெஸ்.

ஆனால், துடுப்பை வீசியெறிந்தவர்கள் விரைவில் அதன் அருமையை உணர்ந்தனர். அக்காலத்து மோட்டாரைப் புறப்படச் செய்வது எளிதன்று. மேலேயுள்ள சுழற்சக்கரத்தில் ஒரு குமிழ் இருக்கும். அதனைக் கையால் பற்றிச் சுழற்ற வேண்டும். எந்திரம் உயிர்பெற்றதும் குமிழும் சக்கரத்தோடு விரைந்து சுழலும். கையை எடுக்கத் தாமதித்தவர் விரல்களில் அடிபடும். பின்னர்ச் சக்கரத்தில் கயிறு சுற்றி இழுக்கும் முறை வந்தது. 1930-இல் மின்விசையால் புறப்படும் மோட்டாரும் வந்தது. முறைகள் மாறினாலும், புறப்பட மறுக்கும் குணம் மட்டும் மாறவில்லை.

ஏன் மறுக்கிறது? பழைய மோட்டார்களுள் பெரும்பாலானவை இருவீச்சு எந்திரங்கள். அதில் பெட்ரோலும் எண்ணெயும் கலந்து ஊற்றப்படும். அக்கலவை கார்புரேட்டரில் காற்றோடு சேர்ந்து துளியாகி உள்ளே செல்லும். அங்கே பிஸ்டன் அதனை அமுக்கும். அமுக்கம் முற்றும் வேளையில் பிளக்கில் தீப்பொறி தோன்றும். ஆக, தேவையானவை மூன்று: தக்க அளவில் எரிபொருளும் காற்றும், தக்க நேரத்தில் தீப்பொறி, போதிய அமுக்கம். இம்மூன்றும் கூடினால் எந்திரம் புறப்பட்டே தீரும். புறப்படவில்லையெனில், இம்மூன்றில் ஒன்று இல்லை என்பது பொருள். பிடிவாதம் என்பது எந்திரத்திற்குக் கிடையாது.

இவ்வுண்மையை நம்பி வாழ்வு பெற்றவர் கார்ல் கீக்ஹேஃபர். அவரும் விஸ்கான்சின் மாநிலத்தவரே. 1939-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சீடர்பர்க் என்னும் சிற்றூரில் நொடித்துப்போன ஒரு தொழிற்சாலையை அவர் விலைக்கு வாங்கினார். அங்கே மின்காந்தக் கருவிகள் செய்வதே அவர் நோக்கம். உள்ளே சென்று பார்த்தால், ஏறத்தாழ 300 அவுட்போர்டு மோட்டார்கள் குவிந்து கிடந்தன. மான்ட்கோமரி வார்ட் என்னும் பெரிய விற்பனை நிறுவனம், குறையுடையவை என்று ஏற்க மறுத்த சரக்கு அது. பழைய இரும்பாக விற்றுவிடலாம் என்று எண்ணியிருந்தால் அவரை யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ தம் சிறு குழுவினருடன் அவற்றைப் பிரித்துக் குறைகளை ஆராய்ந்து திருத்தினார். மறுத்த நிறுவனமே அவற்றை வாங்கிக்கொண்டது. மேலும் வேண்டுமென்றும் கேட்டது. மறு ஆண்டு, 1940-இல், அவர் தாமே வடிவமைத்த மோட்டார்களுக்கு மெர்க்குரி என்று பெயரிட்டார். உலகப் புகழ்பெற்ற அத்தொழிலின் அடித்தளம், வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட அந்தக் குவியல்தான்.

புறப்படாத மோட்டார் உல்லாசப் பயணத்தைக் கெடுப்பதோடு நிற்பதில்லை, உயிரையும் கேட்கும். 1944 செப்டம்பர் 25-ஆம் நாள் இரவு, ஹாலந்து நாட்டில் ஆர்னம் நகருக்கருகே, பகைவரால் சூழப்பட்ட வான்குடைப் படையினரை ரைன் ஆற்றின் கிளையொன்றைக் கடந்து மீட்க வேண்டியிருந்தது. கனடா நாட்டுப் பொறியியற் படையினர் அவுட்போர்டு மோட்டார் பொருத்திய படகுகளைச் செலுத்தினர். பகைவர் சுட்டுக்கொண்டிருந்தனர். இருளும் பெருமழையும் சேர்ந்துகொண்டன. மழையில் நனைந்து சில மோட்டார்கள் நடுவே பழுதுற்றன. ஈரம் பட்டால் மின்னோட்டம் வழிதவறும், தீப்பொறி தோன்றாது. ஆயினும் அவர்கள் விடியும் வரை ஓய்ந்தாரில்லை. துடுப்புப் படகுகளில் உழைத்த பிரிட்டிஷ் வீரர்களும் அவர்களுமாக ஏறத்தாழ 2,400 பேரைக் கரை சேர்த்தனர். ஒரு சிறு தீப்பொறியின் விலை என்னவென்று அக்கரையில் காத்து நின்றவர்கள் அறிவார்கள்.

இனி, தேர்ந்த பணியாளர் கையாளும் முறையைக் காண்போம். தேர்ச்சியில்லாதவர் கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பார். பின்னர்ச் சினந்து கார்புரேட்டரைக் கழற்றுவார். தேர்ந்தவரோ முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். அதன் முனை உலர்ந்திருந்தால், எரிபொருள் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால், எரிபொருள் வருகிறது. தீப்பொறி இல்லை, அல்லது எரிபொருள் மிகுந்துவிட்டது. சிந்திய பெட்ரோலைத் துடைத்து, அதன் ஆவி முற்றும் அகன்ற பின்னரே தீப்பொறியைச் சோதிப்பார். அளவு கருவியால் அமுக்கத்தையும் பார்ப்பார். குறை எங்கே என்று தெரிந்த பிறகே திருகுளியை எடுப்பார்.

குறை எரிபொருளில் என்று தெரிந்தால், தொட்டியிலிருந்து தொடங்கி வழி நெடுகப் பார்ப்பார். தொட்டி மூடியில் காற்றுத்துளை உள்ள மோட்டாரில் அத்துளை அடைபட்டிருந்தால், சில நிமிடம் ஓடி எந்திரம் நின்றுவிடும். பெட்ரோல் வெளியேறிய இடத்தை நிரப்பக் காற்று வராததே காரணம். 1949-இல் ஜான்சன் நிறுவனம் தனித்தொட்டியுடன் வெளியிட்ட மோட்டாரில் இதற்கு நேர்மாறான ஏற்பாடு. எந்திரமே காற்றைத் தொட்டிக்குள் அழுத்தி, பெட்ரோலை மேலே ஏற்றும். அங்கே தொட்டியின் மூடி இறுக்கமாக இல்லாவிடில் எந்திரம் பட்டினி கிடக்கும். ஒன்றில் மருந்தாவது மற்றொன்றில் நோயாகும்! எந்திரத்தின் வரலாறு தெரியாமல் அதனைப் பழுதுபார்க்க இயலாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பல திங்கள் தேங்கிக் கிடந்த பெட்ரோல் மற்றொரு பகை. அதன் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துவிட, எஞ்சியது பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். இக்காலப் பெட்ரோலில் எத்தனால் சேர்க்கப்படுவதையும் நினைவில் கொள்ள வேண்டும். நம் நாட்டில் 20 விழுக்காடு வரை கலக்கும் நிலை 2025-இல் எய்தப்பட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். நீர் மிகுந்தால், இரண்டும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும். தொட்டியின் குழாய் உறிஞ்சுவதோ அடியிலிருந்துதான்! பழைய மோட்டாரின் ரப்பர்க் குழாய்களும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவையல்ல. அவை நைந்து, காற்றை உள்ளே விடும். ஆகவே, பழைய எரிபொருளை வடித்து, குழாய்களை மாற்றி, கார்புரேட்டரைத் தூய்மை செய்வதே முதல் மருத்துவம்.

மாணவச் செல்வங்களே! இக்கதையை நான் விரும்பிச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நான் இளம் ஆசிரியனாக இருந்தபொழுது, கரும்பலகையில் எழுதியதைத் தவறாகவே பார்த்தெழுதும் சிறுவன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். ஓராண்டு முழுவதும் அவனைக் கடிந்துகொண்டேன். மந்தன் என்றும் சொன்னேன். அவனுக்குப் பார்வை குறைவு என்பதைப் பிறர் சொல்லித்தான் அறிந்தேன். கண்ணாடி அணிந்த பின் அவன் நன்கு படித்தான். அந்த ஓராண்டும் நான் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தேனே தவிர, பிளக்கைக் கழற்றிப் பார்க்கவில்லை.

நீங்கள் நாளை எந்திரங்களையும் மனிதர்களையும் நடத்தப்போகிறவர்கள். ஒன்று இயங்க மறுக்கும்பொழுது, இதற்கு எது கிடைக்கவில்லை என்று முதலில் கேளுங்கள். பிறகு, கேட்ட வரிசையில் தேடுங்கள். துடுப்பை மட்டும் எப்பொழுதும் படகிலேயே வைத்திருங்கள்.